சோழிக் கணக்கும் ஊழிக் கணக்கும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர் ஊழிக் காலத்தைப் பற்றிக் கவிதை படித்தார். கவிதை முடிந்ததும் வாதம் தொடங்கிவிட்டது. பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்பது நம் கணக்கு. இன்றைய விஞ்ஞானம் பூமிக்குச் சொல்லும் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. ஆகவே நம் முன்னோர் அன்றே கண்டறிந்துவிட்டனர் என்றார் ஓர் அன்பர். அத்தனையும் கட்டுக்கதை என்றார் இன்னொருவர். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், “எண் கிடக்கட்டும் ஐயா. இவ்வளவு பெரிய உலகம் ஒடுங்குகிறதே, அதற்கு ஏதாவது நோக்கம் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்” என்று கேட்டார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. கேள்வி அப்படியே நின்றது.

அன்று நான் வாய் திறக்கவில்லை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், எண்ணும் நோக்கமும் எங்கே சேர வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்ற வழக்கு நம்முடைய புதுச்சேரி மண்ணிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்வது பொருந்தும் என்று தோன்றியது.

பாகூரிலிருந்து தொடங்குகிறேன். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவற்றின் பெயர்கள். வடமொழியும் தமிழுமாக எழுதப்பட்ட அந்தச் செப்பேடு 1879-இல் வெளிப்பட்டது. கல்விக்கு ஊரையே எழுதிவைத்த அந்தச் செய்தியை நம்மவர் மேடைதோறும் சொல்வதுண்டு, தவறில்லை. ஆனால் அங்கே என்ன படித்தார்கள் என்று கேட்பவர் குறைவு. வித்தைகள் பதினான்கு என்று மரபு எண்ணும்போது, வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாஞ்சை, நியாயம், தருமநூல், புராணம் என வகுக்கும். அங்கம் ஆறனுள் ஒன்று சோதிடம், அதாவது காலக் கணிதம். உலகம் தோன்றி ஒடுங்கும் கதையைச் சொல்லும் புராணமும், கிரகணம் எத்தனை நாழிகைக்கு என்று சொல்லும் கணிதமும் ஒரே பட்டியலில் இருந்தன. ஆனால் தனித்தனி வித்தைகளாக இருந்தன. இந்தப் பிரிவினையை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் குறை.

இனி ஒன்பது நூற்றாண்டுகளைத் தாண்டுகிறேன். 1749-இல் சந்தாசாகிபின் கொடையாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752 ஆகஸ்டில் பாகூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர். 1760 ஜூலையில் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. அதே மாதத்தில்தான் தினப்படிச் சேதிக் குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்மூடினார். இந்தச் செய்தி ஏதும் தெரியாமல், கடலில் ஒரு வானியலார் புதுச்சேரியை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் கியோம் லெ ழாந்தீய். பாரிஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினர். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும். அதனை உலகின் பல மூலைகளிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். அத்தொலைவு தெரிந்தால் மற்ற கோள்களின் தொலைவுகளும் தெரிந்துவிடும். இதுவே அக்கால ஐரோப்பாவின் பெரும் ஆவல். அதற்காக அவர் 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பலேறினார். மலையாளக் கரையை நெருங்கியபோதுதான் புதுச்சேரி பறிபோன செய்தி கிட்டியது. கப்பல் திரும்பியது. வெள்ளி சூரியனைக் கடந்த வேளையில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் கடிகாரத்தை நம்ப முடியாது, பார்த்தும் பயனில்லை.

வெள்ளிக் கடப்பு எட்டாண்டு இடைவெளியில் இரண்டாகச் சேர்ந்து வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. அந்த எட்டாண்டையும் இந்தியப் பெருங்கடலிலேயே கழித்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். மணிலா சென்றார், அங்கிருந்து 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஊர் இடிபாடாகக் கிடந்தது. ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் இடிந்த பழைய மாளிகையின் மேல் அவருக்கு ஒரு வானோக்கு நிலையம் கட்டிக் கொடுத்தார். 1769 ஜூன் 4 விடியலில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டு விலகும். முந்தைய மாதம் முழுதும் காலை வானம் தெளிவாக இருந்தது. குறித்த அந்தக் காலையில் மேகம் திரண்டது. கடப்பு முடிந்தபின் சூரியன் வெளியே வந்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு வாரத்துக்குமேல் பேனாவைப் பிடிக்கவே மனம் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 1771-இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகக் கருதி வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தனர். கழகத்தில் அவரது இடமும் போயிருந்தது.

இதை இறைவனின் திருவிளையாடல் என்று சொல்பவரும் உண்டு; வெறும் ஜூன் மாத மேகம் என்பவரும் உண்டு. கவிஞர்களுக்கு இந்தக் கதை பிடித்துப்போவதில் வியப்பில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த ஓய்வில், லெ ழாந்தீய் புதுச்சேரித் தமிழரிடம் கணிதம் படித்தார்.

அவர் புதுச்சேரிக்கு வருவதற்கு மூன்றாண்டு முன்பே, 1765 ஆகஸ்ட் 30 அன்று, ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்திருந்தது. அது எவ்வளவு நேரம் நீடித்திருக்கும் என்பதைத் தமிழ்க் கணிதர் தம் முறைப்படி கணித்தார். உண்மையான அளவுக்கு 41 விநாடி குறைவாக விடை வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய தோபியாஸ் மையரின் அட்டவணையோ 68 விநாடி மிகையாகக் காட்டியது. ஏட்டைப் புரட்டாமல், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி ஒருவர் இதைச் செய்வதைக் கண்டு பிரெஞ்சுக்காரர் திகைத்திருக்க வேண்டும். இந்த ஒரு கிரகணத்தை வைத்துக்கொண்டு தமிழன் ஐரோப்பாவை வென்றான் என்று முழங்க வேண்டாம். வேறொரு கிரகணத்தில் நிலைமை எப்படி மாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

அறுபது ஆண்டு கழித்து அதே புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர் வாழ்ந்தார். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் பணியாற்றியவர். சென்னை வானோக்கு நிலையத்தின் பொறுப்பையும் சில ஆண்டுகள் வகித்தவர். 1830-இல் புதுச்சேரியிலேயே காலமானார். தென்னாட்டுக் காலக் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய ‘கால சங்கலிதம்’ 1825-இல் சென்னையில் அச்சாயிற்று. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் தமக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். வாரனின் எழுத்துக்கூட்டலில் அவர் பெயர் சாமி நாடன் சாஷியா. சாமிநாதன் என்ற பெயரின் சாயல் தெரிகிறது. மேற்கொண்டு எதுவும் தெரியவில்லை. அவர் தரையில் சோழிகளைப் பரப்பினார். எண்களைத் தாளில் எழுதவில்லை. நினைவில் இருந்த சொற்களையும் அசைகளையும் எண்ணாக மாற்றிச் சோழிகளை நகர்த்தினார். 1825 மே 31 இரவில் தொடங்கவிருந்த கிரகணத்தின் நேரம் வந்தது. தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். இம்முறையின் கோட்பாடு அவருக்குத் துளியும் தெரியாது என்று வாரன் சொல்கிறார். பாராட்டுவதெல்லாம் அவருடைய நினைவாற்றலைத்தான்.

அந்தச் சொற்கள் என்ன? அவையே வாக்கியங்கள். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவு, தொலைவில் தளர்வு. இந்த வேக மாற்றம் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமின்றி. ஆகவே 248 நாளுக்கும் சந்திரனின் நிலையை நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக அமைத்து மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு அதே வரிசை திரும்பும். இன்னும் நுட்பம் வேண்டுமானால் 3031 நாள், 12372 நாள் என்ற பெரிய சுழற்சிகள் உண்டு. முதலில் இவற்றை அமைத்தவர் வரருசி என்பது மரபு. பதினான்காம் நூற்றாண்டின் சங்ககிராமத்து மாதவர் இவற்றைத் திருத்தி நுட்பமாக்கினார்.

எழுத்தை எண்ணாக்கும் இந்த முறைக்குக் கடபயாதி என்று பெயர். இசையறிந்த அன்பர்களுக்கு இது புதிதல்ல. மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் முதல் இரண்டெழுத்து அவற்றின் வரிசை எண்ணைத் தருவது இதே முறையில்தான். தீரசங்கராபரணம் என்பதில் ‘தீ’ ஒன்பது, ‘ர’ இரண்டு. வலமிருந்து இடமாகப் படித்தால் 29. வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆற்றுக்கும் அந்த இராகத்துக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. ஆனாலும் ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 29 என்ற எண் நினைவுக்கு வருகிறது. கிரகணத்தைச் செய்யுளில் ஒளித்து வைத்த மரபு இது. சொல்லுக்கு இப்படியும் ஒரு வேலை இருந்திருக்கிறது என்பது கவிஞர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சோழிக் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? கலியுகம் பிறந்த நாளிலிருந்து. அந்த நாளிலிருந்து இன்றுவரை கழிந்த நாட்களே முதல் எண். ஐரோப்பியக் கணக்கில் அது கிறிஸ்துவுக்கு முன் 3102 பிப்ரவரி 17-க்கும் 18-க்கும் இடைப்பட்ட நள்ளிரவு. லெ ழாந்தீய் எடுத்துச் சென்ற, ஐரோப்பியர் ‘திருவலூர் வாய்பாடு’ என்று அழைத்த அட்டவணைகளோடு இந்தத் தேதியும் பாரிசுக்குப் போயிற்று. அங்கே அது வெடிமருந்தாயிற்று.

அன்றைய ஐரோப்பாவில் பெரும்பாலோர் நம்பிய உலக வயது ஆறாயிரம் ஆண்டுக்குள் அடங்கியது. அயர்லாந்துப் பேராயர் அஷர் படைப்புக்குக் குறித்த ஆண்டு கி.மு. 4004. பெருவெள்ளத்தால் உலகம் அழிந்தது அவர் கணக்கில் கலி பிறந்ததற்குப் பிந்தியது. அப்படியிருக்க, 3102-இலேயே வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்த மக்கள் இருந்தனர் என்றால் வேதாகமக் கணக்கு என்னாவது? வானியலார் பாயி 1787-இல் இந்திய வானியல் பற்றிப் பெரிய நூல் எழுதி, அந்தத் தேதி நேரில் கண்டு குறிக்கப்பட்டதே என்று வாதிட்டார். எடின்பரோவின் பிளேஃபேர் அவரை ஆதரித்தார். வங்காளத்தில் இருந்த பென்ட்லி, மோசேயின் கணக்கைக் காப்பாற்ற வேண்டுமென்ற கவலையை மறைக்காமலே இந்திய நூல்களை முடிந்தவரை பிற்காலத்துக்குத் தள்ளினார். லாப்லாஸ் சமயக் கவலை இன்றி வேறொன்றைச் சொன்னார்: கலியின் தொடக்கத்தில் கோள்கள் எல்லாம் ஒன்றுகூடின என்று கொள்வதற்காகப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற்ற தேதி அது, வானத்தில் அப்படியொரு கூட்டம் நிகழவில்லை. இன்றைய கணக்கும் லாப்லாஸ் பக்கமே. பாயி 1793-இல் கில்லட்டினில் உயிர் துறந்தார்; அதற்கும் கலியுகத்துக்கும் தொடர்பில்லை.

இப்போது 432 கோடிக்கு வருகிறேன். கலி 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000. அது ஆயிரமானால் பிரமனின் பகல். இவ்வளவு பெரிய எண் கணிதருக்கு எதற்கு? சூரியன், சந்திரன், கோள்கள் ஒவ்வொன்றும் தத்தம் வேகத்தில் சுற்றுகின்றன. எல்லாவற்றின் சுற்றுகளும் பின்னம் இல்லாமல் முழு எண்ணாக அமைய வேண்டுமானால் பொதுவான பெருங்காலம் ஒன்று தேவை. யுகம் அவர்களுக்கு அந்தப் பொது மடங்கு. அதனால்தான் அதில் கைவைக்க அவர்கள் தயங்கவில்லை. ஆரியபட்டர் யுகம் நான்கையும் சம அளவாக வகுத்தார். கற்பத்துக்கு ஆயிரம் அல்ல, 1008 மாயுகம் என்றார். அவர் கணக்கில் கற்பம் 435 கோடியே 45 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்டு. மரபை மீறினார் என்று பிரமகுப்தர் கடிந்தார். பூமியின் வயதை அறிந்து சொன்ன எண்ணாக இருந்தால் அதில் இப்படிச் சண்டை வராது. 454 கோடிக்கு அது அருகில் வருவது தற்செயல். பூமியின் வயது கதிரியக்கத் தனிமங்களின் சிதைவை அளந்து பெற்றது. இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன; ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை. கூட்டத்தில் பேசிய அன்பர் என்னைப் பொறுத்தருள வேண்டும். நானும் இருபது வயதில் அதையே மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன்.

அப்படியானால் நோக்கம் எங்கே இருந்தது? அது வேறு ஏட்டில் இருந்தது. மரிதாஸ் பிள்ளை என்ற புதுச்சேரித் தமிழர், கும்பினியின் மொழிபெயர்ப்பாளர், தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். ஆண்டு 1769, லெ ழாந்தீய் மேகத்தைப் பார்த்து நின்ற அதே ஆண்டு. 1788-இல் அது பாரிசில் அச்சேறியது. ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஒரு கையில் ஒடுக்கத்தின் கதை, மறு கையில் கிரகணத்தின் கணக்கு. இரண்டும் ஐரோப்பாவுக்குப் போயின. போன இடத்தில் இரண்டையும் குழைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்துச் சைவம் நோக்கத்தை எப்படிச் சொல்கிறது என்பதையும் பார்க்கலாம். பெண்ணைக் கரையில், பாகூருக்கு மேற்கே, திருவெண்ணெய்நல்லூரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தைச் செய்தார். எவனிடம் உலகம் ஒடுங்குகிறதோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றுகிறது என்பது அதன் தொடக்கம். சித்தாந்திகள் ஒடுக்கத்தைத் தண்டனையாகச் சொல்வதில்லை. பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்குக் கொடுக்கப்படும் இளைப்பாறல் என்பார்கள். மலம் தீர மறுபடி தோற்றம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் சன்னிதியில் நிற்கும்போது இந்த விளக்கம் எனக்கு ஆறுதல் தருகிறது, மறைக்கவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த வாதத்தில் 432 கோடி தேவைப்படவேயில்லை. எண்ணை எடுத்துவிட்டாலும் சித்தாந்தம் நிற்கும். நோக்கத்தை எடுத்துவிட்டாலும் சோழி கிரகணம் சொல்லும்.

இந்த மண்ணில் நோக்கத்தை ஏற்றவரும் மறுத்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியபோது பாரதி புதுச்சேரியில் இருந்து ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’வைப் பாடினார். அதே ஆண்டு ஏப்ரலில் வந்திறங்கிய அரவிந்தர், பிரபஞ்சம் முழுதும் தெய்வ நிலையை நோக்கி மலர்கிறது என்று பின்னாளில் ‘ஆர்யா’ இதழில் எழுதினார். பாரதியின் சீடர் பாரதிதாசனோ கடவுள் மறுப்புக்கு வந்து சேர்ந்தார். நம் வட்டத்தில் மூவரின் அன்பரும் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்றைய விஞ்ஞானத்துக்கும் ஓர் ஊழிக் கணக்கு உண்டு. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. 1998-இல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுவினர், அது விரிவதோடு நில்லாமல் மேன்மேலும் விரைந்து விரிகிறது என்று கண்டனர். அப்படியே போனால் விண்மீன்கள் ஒவ்வொன்றாய் அணைந்து, குளிர்ந்த இருளில் முடியும். மறு தோற்றம் என்று ஒன்றில்லை. ஆயின் அந்த விரைவுக்குக் காரணமான ஆற்றல் காலப்போக்கில் தளரக்கூடும் என்ற குறிப்புகள் 2024, 2025 ஆண்டுகளின் ஆய்வுகளில் தென்பட்டுள்ளன, முடிவு எட்டப்படவில்லை. விண்மீன்களின் முடிவை முதலில் எண்ணில் வரையறுத்தவர்களில் ஒருவர் நம்மவரே. 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும்போது சந்திரசேகர் அந்தக் கணக்கைப் போட்டார். தம்மை நாத்திகர் என்றே அவர் சொல்லிக்கொண்டார். அவருடைய எல்லையை ஆத்திகரும் மாற்றமின்றிப் பயன்படுத்துகிறார்கள்.

என் மனத்தை உறுத்துவது மறுபுறம். 1825-இல் சோழி உருட்டியவரின் பிழை 52 நிமிடம் வரை போனது ஏன்? சிறு பிழைகள் ஆண்டுதோறும் சேரும். யாராவது வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். நம் மரபில் அப்படித் திருத்தியவர்கள் இருந்தார்கள். கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுக்கு மேல் கிரகணங்களை நேரில் பார்த்துக் குறித்து, 1431-இல் ‘திருக்கணிதம்’ வகுத்தார். ‘திருக்’ என்பது வடமொழியில் கண்ணால் காண்பது. நாம் நினைக்கும் ‘திரு’ அல்ல. கண்டால் திருத்து என்பதே அவர் பாடம். வாக்கியத்தை முனிவர் வாக்கு என்று வணங்கத் தொடங்கிய பிறகு திருத்தும் கை நின்றுபோயிற்று. இன்று சனிப் பெயர்ச்சியைப் பாருங்கள். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் சனி கும்பத்துக்குப் போய்விட்டது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் விழா நடந்தது 2023 டிசம்பர் 20-இல். பதினோரு மாத வேறுபாடு. அந்நாளில் திருநள்ளாற்றில் கூடிய பக்தர்களின் நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. என் வீட்டாரும் போனார்கள். ஆனால் வானத்தில் சனி ஒன்றுதான். அது எந்த இராசியில் நிற்கிறது என்பது வணங்கிப் பெறும் விடையன்று. பார்த்துப் பெறும் விடை.

மூத்த உறுப்பினரின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரோடு ஓரிரவு உட்கார்ந்து பேச ஒரு தேதி மட்டும் என்னிடம் உண்டு. 2028 டிசம்பர் 31, மார்கழிப் பௌர்ணமி. இரவு பத்தரை மணிக்குச் சற்று முன் முழு சந்திர கிரகணம் அதன் உச்சத்தில் இருக்கும். வட்டத்தின் அந்த மாதக் கூட்டத்தை பாகூர் ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம். கவிதை படிப்பவர் படிக்கட்டும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றும் கடிகாரமும் நான் கொண்டுவருகிறேன். கொஞ்சம் சோழியும். மேகம் இருந்தால், லெ ழாந்தீயை நினைத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.